நெல்லைப் பக்கம் பழங்கோயில் பாதுகாப்பில் சிறந்தவரைப் பாராட்ட நினைக்கிறோம். யாரை, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கும்பாபிஷேகத்தன்று பளபளப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதலில் ஆவணத்தைக் கேளுங்கள்: வேலைக்கு முன், நடுவில், பின் எடுத்த படங்கள், விரிசல்களைக் குறித்த வரைபடம், கல்வெட்டுகளிலிருந்து எடுத்த நகல்கள். இவை இல்லாதவரை அப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

அடுத்து காரை, அதாவது கட்டவும் பூசவும் குழைக்கும் கலவை. பழைய செங்கல் வேலைக்கும், சுதை எனப்படும் சுண்ணாம்புச் சிற்ப வேலைக்கும் சுண்ணாம்புதான் பொருந்தும். ஒரு பங்கு நீர்த்த சுண்ணாம்புக்கு இரண்டு மூன்று பங்கு மணல், கடுக்காய், வெல்ல நீர். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும்; உப்புப் பூத்து, சில மழைக்காலங்களில் சுதை உதிரும். மணல் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்தவருக்கு விருதே வேண்டாம், கல்வெட்டு எழுத்தின் விளிம்பு போனால் போனதுதான்.

திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் இருப்பது போன்ற ஓவியங்களில் சோதனை இன்னும் கடினம். நல்லவர் உள்ளங்கை அகல மூலையில் முயன்று பார்த்த பிறகே தொடுவார். உதிர்ந்த முகத்தைக் கற்பனையாக வரைந்து நிரப்ப மாட்டார். கூரை ஒழுக்கை முதலில் அடைத்தாரா என்றும் பாருங்கள்.

யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருது 2017இல் ஸ்ரீரங்கம் கோயில் பணிக்குக் கிடைத்தது. அது தனி ஆளுக்கன்று, பணிக்கு. நீங்களும் ஸ்தபதியோடு சுதைக் கொத்தனார் பெயரையும் சேர்த்தே பொறியுங்கள்.