விலை குறைந்த ஆல்-டெரைன் டயர்களை வாங்கலாமா? நான்கையும் மாற்ற வேண்டுமா, இரண்டு போதுமா?

ஆல்-டெரைன் என்பது மண்பாதை, தார்ச்சாலை இரண்டிலும் ஓட்டுவதற்கான டயர். உங்கள் வண்டி பெரும்பாலும் மண்பாதையில், மெதுவாக ஓடுகிறது என்றால் விலை குறைந்ததைத் தாராளமாக வாங்கலாம். வாரம் முழுவதும் தார்ச்சாலையில் 80, 100 என்று போய்விட்டு, எப்போதாவது ஒரு நாள் மண்ணில் இறங்குபவர் என்றால் வேண்டாம். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "நான் காட்டுப் பக்கம் அதிகம் போவதில்லை, எனக்கு மலிவானதே போதும்" என்பார்கள். மலிவான டயர் கைவிடுகிற இடம் காடு அல்ல, மழையில் நனைந்த தார்ச்சாலை.

என் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு, அதிகம் கேள்விப்படாத பெயருள்ள ஒரு செட்டைப் போட்டு ஏறத்தாழ 38,000 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். முதல் ஆண்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சரளைக்கல் ஏற்றத்தில் பழைய டயர்கள் நின்ற இடத்திலேயே சுழன்று மண்ணைத் தோண்டும். இவை பிடித்து ஏறின. டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகளான பட்டன்களுக்கு நடுவே அப்பிய சேற்றை, கொஞ்சம் வேகம் எடுத்ததும் உதறித் தள்ளின. பார்க்கிறவர்களிடம் எல்லாம் இதையே வாங்கச் சொன்னேன்.

இரண்டாம் ஆண்டின் கடைசியில் ஒரு மாலை. மழை அப்போதுதான் தூறத் தொடங்கியிருந்தது. சாலையில் படிந்த தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கழுவிப் போவதற்கு முன்பு, தரை மிக மோசமாக வழுக்குகிற நேரம் அது. முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. நான் 60-ல்தான் போய்க்கொண்டிருந்தேன், இடைவெளியும் விட்டிருந்தேன். பிரேக்கை மிதித்ததும் பெடல் காலடியில் தடதடவென்று அதிர்ந்தது. சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் விட்டு விட்டுப் பிடிக்கிறது என்று தெரிந்தது. ஆனால் வண்டியின் வேகம் குறையவில்லை. லாரியின் பின்புறத்தில் ஒட்டியிருந்த சிவப்புப் பட்டை கண்ணெதிரே அகலமாகிக்கொண்டே வந்தது. சாலையோரத்து மண்ணில் இறக்கித்தான் தப்பித்தேன். பின் இருக்கையில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பட்டன் ஆழம் 7 மி.மீ. இருந்தது. 1.6 மி.மீ. வந்தால்தான் டயரைக் கழற்ற வேண்டும் என்பது பரவலான விதி. அந்தக் கணக்குப்படி அவை இன்னும் பாதி கூடத் தேயாதவை. கட்டை விரல் நகத்தை ரப்பரில் அழுத்தினேன். புதிதில் நகம் பதிந்து மெல்ல மறைந்த இடத்தில், இப்போது பதியவே இல்லை. பட்டன்களின் ஓரங்கள் மழுங்கி, மேற்பரப்பு முழுவதும் முடி போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தன. ஆழம் மிச்சமிருந்தது, பிடி போய்விட்டிருந்தது.

இதில்தான் விலை வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. பிஎஃப் குட்ரிச் நிறுவனம் தன் ஆல்-டெரைன் டயரை 1976-ல் கொண்டுவந்தது. அன்றிலிருந்து எல்லோரும் பார்த்துப் பழகிய வடிவம் என்பதால், அதைப் போன்ற பட்டன் அச்சை யாரும் செய்துவிடலாம். ரப்பர் கலவையை அப்படிப் பார்த்துச் செய்ய முடியாது. ஈரத்தில் பிடி கிடைக்க வேண்டும் என்றால், ரப்பர் இளகி, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமர வேண்டும். அதற்காகக் கலவையில் சிலிக்கா என்னும் மணல்வகைப் பொடியைச் சேர்க்கிறார்கள். சிலிக்கா ரப்பரோடு சுலபத்தில் ஒட்டாது. பிணைக்கும் ரசாயனமும், பார்த்துப் பார்த்துக் கலக்கும் பக்குவமும் வேண்டும், செலவும் ஆகும். வெயிலும் ஓசோனும் ரப்பரை இறுக வைக்காமல் தடுக்கும் பொருள்களுக்கும் அப்படியே. செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைக்கும் இடம், வாங்குகிறவர் கண்ணில் படாத இதுதான். அதோடு ஆல்-டெரைன் பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், தரையைத் தொடும் ரப்பர் குறைவு. தொடுகிற கொஞ்சத்தின் தரமும் குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வண்டிகள் 80 கி.மீ. வேகத்தில் வருகின்றன. ஒன்று 30 மீட்டரில் நிற்கிறது, மற்றது 40 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் வண்டி முழுதாக நின்றுவிட்ட அந்த இடத்தை இரண்டாவது கடக்கும்போது, அதன் வேகம் இன்னும் 40 கி.மீ. இருக்கும். யார் மீதாவது 40-ல் போய் மோதுவது சின்ன விஷயம் அல்ல.

மற்றக் குறைகளை நான் பெரிதுபடுத்த மாட்டேன். இரைச்சல் அதிகம், உண்மைதான். 15,000 கி.மீ. தாண்டியதும் வண்டிக்குள் வண்டுக்கூட்டம் ரீங்கரிப்பது போல இருந்தது. ஆனால் பட்டன்கள் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்தால் விலை உயர்ந்த ஆல்-டெரைன் டயரும் கத்தத்தான் செய்யும். 8,000 கி.மீ.க்கு ஒருமுறை முன் பின் மாற்றிப் போட்டால் பெரும்பாலும் அடங்கும். பேலன்சிங் செய்யும்போது ஈயக்கட்டி கொஞ்சம் அதிகம் பிடித்தது, அவ்வளவுதான். பக்கச்சுவர் மட்டும் வேறு விஷயம். கூரான கல் கிழித்து, உள்ளே இருக்கும் நூல் தெரிந்துவிட்டால் அந்த டயரைப் பஞ்சர் ஒட்டிப் பயன்படுத்தக் கூடாது, தூக்கிப் போடத்தான் வேண்டும். பாறைப் பகுதியில் ஓட்டுபவர்கள் இதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

எப்படியும் விலை குறைந்ததைத்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், பணம் கொடுக்கும் முன் பக்கச்சுவரில் எழுதியிருப்பதைக் குனிந்து படியுங்கள். டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புத் தேதி. 1423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். தள்ளுபடியில் தருகிற டயர், கடையில் பல ஆண்டுகள் தூங்கியதாக இருக்கலாம். அடுத்து சுமைக் குறியீடு. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். வண்டியோடு வந்த டயரின் எண்ணுக்குக் குறைவானதைத் தொடவே வேண்டாம். ஐரோப்பிய லேபிள் ஒட்டியிருந்தால், மழைமேகம் வரைந்த கட்டத்தில் ஈரப்பிடி ஏ முதல் ஈ வரை தரப்படுத்தப்பட்டிருக்கும். நான் பியைத் தாண்டி இறங்க மாட்டேன். பனி பெய்கிற பகுதியில் இருப்பவர்கள் எம்+எஸ் (M+S) என்ற எழுத்தை நம்பிவிடாதீர்கள், அது பட்டன் அமைப்பைத்தான் குறிக்கிறது. மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனிச்செதில் வரைந்த முத்திரைதான், உண்மையில் பனியில் சோதித்ததற்கான அடையாளம்.

எல்டி (LT) என்று தொடங்கும் கனரக வகைக்கு மாறுகிறவர்களுக்கு இன்னொன்று. கதவோரத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த எண், வண்டியோடு வந்த டயருக்கானது. அதே சுமையைத் தாங்க எல்டி டயருக்கு அதைவிட அதிகக் காற்று வேண்டும். பழைய அளவிலேயே ஓட்டினால் டயர் உள்ளுக்குள் சூடேறி வீணாகும்.

நான் இப்போது ஓட்டுவது நடுத்தர விலையில் உள்ள ஒரு செட். கான்டினென்டலுக்குச் சொந்தமான ஜெனரல், சுமிட்டோமோவின் ஃபால்கன் போன்ற பெயர்கள் இந்த வரிசையில் வரும். பெரிய நிறுவனங்களின் கலவை அறிவு இருக்கிறது, உச்ச விலை இல்லை. முன்பு கொடுத்ததைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்தேன். 55,000 கி.மீ. தாண்டியும் 5 மி.மீ. மிச்சமிருக்கிறது, நகமும் இன்னும் பதிகிறது. கிலோமீட்டருக்கு வகுத்துப் பார்த்தால் மலிவு டயர் எனக்கு எதையும் மிச்சப்படுத்தவில்லை. அந்தத் தொகையும் கையில் இல்லை என்றால், ஆல்-டெரைன் ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு நல்ல நிறுவனத்தின் சாதாரண சாலை டயரை வாங்குங்கள். காய்ந்த மண்பாதையில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, நிதானமாக ஓட்டினால் அது நீங்கள் நினைப்பதைவிட அதிக தூரம் போகும். தார்ச்சாலைக்குத் திரும்பும் முன் காற்றை ஏற்றிவிட மறக்காதீர்கள்.

இரண்டு மட்டும் மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முன்னும் பின்னும் வேறு வேறு பிடி இருந்தால், ஈரமான வளைவில் முன்பக்கமோ பின்பக்கமோ மட்டும் நழுவும். நிரந்தர ஃபோர் வீல் டிரைவ் வண்டியில், டயர்களின் சுற்றளவு வித்தியாசத்தால், சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடாகும். நான்குக்கும் இப்போது பணம் இல்லை என்றால் சேரும்வரை காத்திருங்கள், அதுவரை மழையில் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள்.