அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு 46 வயது, ஊர் களுவாஞ்சிகுடி. அப்பாவுக்கு 61 வயதில் புரோஸ்டேட் (ஆண்களின் சலப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய் இருப்பது தெரிய வந்தது. 51 வயதான அண்ணனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் தினமும் வயலுக்குச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். அதனாலும் இந்த நோய் வரும் என்கிறார்களே, உண்மையா? இரவில் இரண்டு தரம் சலம் போக எழும்புவதால் பயமாக இருக்கிறது.

பதில்: சைக்கிளை விட்டுவிடாதீர்கள். அது புரோஸ்டேட் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று நிரூபணம் இல்லை. கைப்பழக்கத்தால் வருமா என்று பலர் கூச்சத்தோடு கேட்பார்கள், அதனாலும் வராது.

உங்கள் விஷயத்தில் கணக்கில் எடுக்க வேண்டியவை வயதும் இரத்த உறவும்தான். 50 வயதுக்கு முன் இந்த நோய் அபூர்வம், அதன்பின் வயதோடு ஏறும். அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சகோதரனுக்கு வந்திருந்தால் இன்னும் கூட. அதற்காகக் கட்டாயம் வரும் என்று நினைக்கத் தேவையில்லை. அப்பாவுக்கு இருந்தும் பிள்ளைகளுக்கு வராத குடும்பங்களே அதிகம். ஆனால் அம்மா பக்கத்தையும் விசாரியுங்கள். அம்மாவுக்கோ பெரியம்மா, சின்னம்மாவுக்கோ மார்பகம் அல்லது சூலகப் புற்றுநோய் வந்திருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுக் கோளாறு பெண்களுக்கு அந்த நோய்களையும் ஆண்களுக்கு இதையும் கொண்டுவரக்கூடியது. நம் ஆட்கள் அப்பா வழியை மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

நீங்கள் புகைப்பவரா என்று எழுதவில்லை. புகைப்பவர்களுக்கு இந்த நோய் வந்தால் உயிராபத்து கூடும். அதிக உடல் பருமனும் நோயைத் தீவிரமாக்கலாம்.

இரவில் எழும்புவது பெரும்பாலும் புற்றுநோயின் அறிகுறி அல்ல. படுக்கப் போகும்போது பிளேன்டீ குடிக்கிறீர்களா? முதலில் சீனி பார்த்துக்கொள்ளுங்கள், நீரிழிவிலும் இப்படி வரும். வயதோடு புரோஸ்டேட் சாதாரணமாக வீங்குவதும் உண்டு, அது புற்றுநோயாக மாறுவதில்லை. ஆரம்பப் புற்றுநோயோ பெரும்பாலும் எந்த வருத்தமும் காட்டாது. அதனால்தான் அண்ணனுக்கு ஒன்றும் இல்லை என்பதை வைத்து நான் நிம்மதி அடைய மாட்டேன். சலத்தில் இரத்தம் வந்தாலோ, இடுப்பு எலும்பில் விடாத வலி இருந்தாலோ தாமதிக்க வேண்டாம்.

அப்பாவுக்கு இருந்தவர்கள் 45 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு) இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் பேசுவது நல்லது. ஆகவே ஆதார வைத்தியசாலைக்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த அளவு கூடியிருந்தாலே புற்றுநோய் என்று முடிவு செய்யக்கூடாது. சலத்தில் கிருமி, சாதாரண வீக்கம் இவற்றாலும் கூடும். இரத்தம் கொடுப்பதற்கு முந்திய இரண்டு நாட்கள் மட்டும் நீண்ட தூரம் சைக்கிள் ஓடாதீர்கள், உடலுறவையும் தவிருங்கள். முடி கொட்டுவதற்கு ஃபினாஸ்டரைடு குளிசை எடுப்பவரானால் அதையும் சொல்லுங்கள். அது அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.