அக்காவிடம் கேளுங்கள்: 116 ரூபாயில் மதுரை

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். இந்த வருடம்தான் மதுரையில் கல்லூரியில் சேர்ந்தேன். தல்லாகுளத்தில் மூன்று பேராக ரூம் எடுத்திருக்கிறோம். வாடகை போக மாதம் 3,500 ரூபாய் கையில் நிற்கும். மூன்று வேளையும் ஹோட்டல்தான். 20-ஆம் தேதியே பர்ஸ் காலி. என்ன செய்யலாம்?
- முதலாண்டு மாணவர், தல்லாகுளம்

பதில்: தம்பி, 3,500-ஐ முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 116 ரூபாய் சொச்சம். கோரிப்பாளையத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இதே கணக்குதான். ரெக்கார்டு நோட்டு பைண்டிங்குக்குச் சில்லறையைப் பொறுக்கி எடுக்கும் விதத்திலேயே, யார் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

முதலில் ஒன்று. நீ ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவனா? அப்படியென்றால் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கு வரவேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். அந்த ஆயிரமும் இந்த 3,500-க்குள்தான் என்றால் சரி. விண்ணப்பிக்கவே இல்லையென்றால் நாளைக்கே கல்லூரி அலுவலகத்தில் போய் நில்.

அப்புறம் காலைச் சாப்பாடு. அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. எல்லாம் 2013-இல் ஆரம்பித்தபோது வைத்த விலை. இட்லி பூப்போல இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன், சாம்பாரும் ஒரு நாள் போல இன்னொரு நாள் இருக்காது. ஆனால் சூடாக இருக்கும். "கூடப் படிக்கிறவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க அக்கா?" என்று ஒரு பையன் கேட்டான். மறு வாரம் அதே வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றது அவன் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர்.

இரவுக்கு நான் சொல்வது பழைய வழிதான். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு மூன்று பேரும் சேர்ந்து ஒரு கரண்ட் குக்கர் வாங்குங்கள். சோறு ரூமில் வடியட்டும். சாம்பார், ரசம், ஒரு பொரியல் மட்டும் மெஸ்ஸில் பார்சல். மூன்று பேர் சாப்பிட ஒருவர் சாப்பாட்டுக் காசுக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அவ்வளவுதான். பாத்திரம் கழுவ யார் முறை என்று சண்டை வரும், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மிச்சம் பிடித்ததை மதியத்துக்கு வை. வளர்கிற வயசு, ஒரு வேளையாவது வயிறு நிறைய வேண்டும். எல்லா மெஸ்ஸிலும் 'அளவுச் சாப்பாடு' என்று ஒன்று இருக்கும், முழுச் சாப்பாட்டைவிட விலை குறைவு. கொஞ்சம் முகம் பழகிவிட்டால் பரிமாறுகிறவர் அளவை மறந்துவிடுவார்.

மாத டோக்கன் எடுப்பதாக இருந்தால், ஊருக்குப் போகிற நாளைக் கழித்துக்கொள்வார்களா என்று முதலிலேயே கேள். மொத்தப் பணத்தையும் கொடுத்துவிடாதே. 1989-இல் உசிலம்பட்டியிலிருந்து படிக்க வந்தவள் நான். ஒரு மெஸ்ஸில் மாதப் பணம் முழுக்கக் கட்டினேன். 19-ஆம் தேதி போனால் கதவில் பூட்டு. மிச்சப் பதினோரு நாளும் பன்னும் டீயும்தான். இன்றைக்கும் எனக்குப் பன்னைக் கண்டால் ஆகாது.

கேள்வி: தோழிகள் நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து பேச இடம் வேண்டும். காபி ஷாப்பில் ஒரு காபிக்கு மேல் ஆர்டர் பண்ணாவிட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். காசும் கட்டுப்படியாகவில்லை.
- கல்லூரி மாணவி, விளாங்குடி

பதில்: அங்கே காபிக்கா காசு வாங்குகிறார்கள்? நாற்காலி வாடகைம்மா அது. மதுரையில் சாப்பிடுகிற இடத்தையும் உட்காருகிற இடத்தையும் பிரித்துக்கொண்டால் செலவு பாதியாகிவிடும். ஏதாவது வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு காசு கேட்காத இடத்தில் போய் உட்காருங்கள்.

சாயங்காலம் என்றால் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-இல் கட்டியது, பதினாறு ஏக்கர் பரப்பு. மகால் கட்ட மண் தோண்டிய பள்ளம் என்று சொல்வார்கள். நான் படிக்கிற காலத்தில் பெரும்பாலும் வறண்டு கிடக்கும், உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் வந்து நிற்பதால் காற்றே வேறு மாதிரி இருக்கிறது. சுண்டல், மிளகாய்த்தூள் போட்ட மாங்காய், பஜ்ஜி என்று சுற்றிலும் கடை. ஆளுக்கு ஒன்று வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டு சுற்றுச் சுவர் ஓரமாக உட்கார்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். குடும்பம் குடும்பமாக ஆட்கள் நடக்கிற இடம், அதனால் பெண் பிள்ளைகளுக்குத் தைரியமாகவும் இருக்கும். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-இலிருந்து உங்களுக்கு டிக்கெட்டே கிடையாது. போக வர செலவு பூஜ்யம்.

பகல் என்றால் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-இல் நேரு திறந்து வைத்தது. அனுமதி இலவசம். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி உள்ளே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியே மர நிழலுக்கு வந்தால் கொஞ்ச நேரம் யாருக்கும் பேச்சு வராது. அப்புறம் வழக்கம்போல வரும்.

பரீட்சை நேரமென்றால் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2023 ஜூலையில் திறந்தது. ஏசி, கழிப்பறை, உட்கார இடம் எல்லாம் உண்டு. அரட்டைக்கு மட்டும் ஆகாது. மே மாத வெயிலில் எங்கள் தெருப் பிள்ளைகள் படிக்கத்தான் அங்கே போகிறார்களா, ஏசிக்குப் போகிறார்களா என்று நான் விசாரிப்பதில்லை.

கேள்வி: ஜிகர்தண்டாவா, பருத்திப்பாலா? எது காசுக்குத் தகும்?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: ஜிகர்தண்டா ஆசைக்கு, பருத்திப்பால் பசிக்கு. சுண்டக் காய்ச்சிய பால், ஊறின பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். இத்தனை போட்டால் விலை ஏறத்தான் செய்யும். மாதம் ஒரு தடவை போதும், அதுவும் சின்ன கிளாஸ். ஸ்பெஷல் கேட்டு வாங்கினால் பாதியிலேயே திகட்டும்.

பருத்திப்பால் அப்படியில்லை. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, அரிசி மாவு சேர்த்துக் காய்ச்சி, கருப்பட்டியோ வெல்லமோ போட்டு, சுக்கும் ஏலமும் தட்டிப் போடுவார்கள். தள்ளுவண்டியில் சூடாக ஒரு டம்ளர் குடித்தால் இரண்டு மணி நேரம் வயிறு கேட்காது. சாயங்காலம் டியூஷனுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே இதைவிட மலிவான துணை எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: என் மகன் மதுரையில் படிக்கிறான். இரவு 12 மணிக்குப் பரோட்டா சாப்பிடப் போகிறானாம். நகரமே அந்நேரம் விழித்திருக்குமா? பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், அருப்புக்கோட்டை

பதில்: விழித்திருக்கும்மா. தூங்கா நகரம் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, மார்க்கெட் என்று ராத்திரி வேலைக்காரர்கள் நிறைந்த ஊர், அவர்களுக்காகத்தான் கல் சூடாக இருக்கிறது. இரண்டு பரோட்டா, ஒரு கலக்கி, கேட்கக் கேட்க சால்னா. மாணவன் பர்ஸுக்கு அது ஒன்றும் பெரிய செலவில்லை. தினமும் மைதா வேண்டாம், அந்நேரத்தில் இட்லிக் கடையும் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. கூட்டமாகப் போகிற பையன்களில் எப்போதும் ஒருவனே காசு கொடுப்பான், வாய் திறந்து கேட்க மாட்டான். அவன் உங்கள் மகனா என்று அடுத்த தடவை போனில் பேசும்போது விசாரியுங்கள்.