வருஷக்கணக்கில் தூக்கமில்லையா? கேளுங்கள்

கேள்வி: ஏழெட்டு வருஷமாக இதே கதைதான். ஒன்பது மணிக்கே படுத்தாலும் ஒரு மணி வரை புரள்கிறேன். ஆறுக்கு எழுந்தாக வேண்டும்.

பதில்: ஒன்பது மணிக்குப் படுப்பதுதான் கோளாறு. ஐந்து மணி நேரத் தூக்கத்துக்கு ஒன்பது மணி நேரப் படுக்கை! கடன், சாவு, வேலை என்று ஏதோ ஒன்றில் தூக்கம் கெட்டிருக்கும். அது தீர்ந்த பிறகும் கெட்டே கிடப்பதற்கு, விட்டதைப் பிடிக்க நாம் சீக்கிரம் போய்ப் படுப்பது முக்கியக் காரணம். அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் வெளியிட்ட சிகிச்சை இதற்கு நேரெதிர். இரண்டு வாரம் தூங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். சராசரி ஐந்தரை மணி நேரம் என்றால் படுக்கையும் அவ்வளவுதான்: 12.30க்குப் படுத்து 6க்கு எழ வேண்டும், ஞாயிறும் சேர்த்து. படுத்த நேரத்தில் 85 சதவீதமாவது தூங்கத் தொடங்கியதும் வாரம் கால் மணி நேரம் கூட்டலாம். 5 மணி நேரத்துக்குக் கீழே போகவே கூடாது. முதல் சில வாரம் பகலில் கண் சொக்கும், பைக்கைத் தொடாதீர்கள். வலிப்பு, பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

கேள்வி: நாலு வருஷமாக அல்பிரசோலம் மாத்திரை போட்டுத்தான் தூங்குகிறேன். இன்றோடு நிறுத்திவிடட்டுமா?

பதில்: கூடாது. சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். எழுதிக் கொடுத்த டாக்டரே படிப்படியாகக் குறைக்கட்டும்.

கேள்வி: கணவர் குறட்டை விடுகிறார். நடுவில் மூச்சு நின்று திணறுகிறார்.

பதில்: இது வேறு வியாதி, ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். நுரையீரல் டாக்டரிடம் போய்த் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். அதுவரை தூக்க மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மூன்று மணிக்கு விழிப்பு வந்தால்?

பதில்: இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து கூடத்துக்குப் போங்கள். மங்கிய விளக்கில் துணி மடியுங்கள். கண் செருகினால் மட்டும் திரும்புங்கள். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972இலேயே சொன்னது. கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள்.

கேள்வி: மதியத் தூக்கம் கூடாதா? என் தாத்தா தினமும் திண்ணையில் ஒரு தூக்கம் போடுவார், ராத்திரியும் குறட்டைதான்.

பதில்: தாத்தாவுக்குத் தூக்கப் பிரச்சினை இல்லை, தூங்கினார். உங்களுக்கு இருக்கிறது. பகலில் சேரும் அசதிதான் ராத்திரி உங்களைச் சாய்க்க வேண்டும், அதை மூன்று மணிக்கே செலவழித்தால்?

கேள்வி: நான் நைட் பஸ் ஓட்டுகிறேன். எனக்கும் கூடாதா?

பதில்: உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். தூங்கிவிட்டு வண்டியை எடுங்கள்.

தாத்தாவின் பேரன்: அப்போ ஆளுக்கொரு நியாயமா சார்?

பதில்: ஆமாம். அவர் பின்னால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேள்வி: ஜாதிக்காய்ப் பால்?

பதில்: பிடித்தால் குடியுங்கள். சாயங்கால காபியை விடுங்கள்.

கேள்வி: சீக்கிரமே படுக்கிறேன், ஆனாலும் தூக்கம்...

பதில்: முதல் பதில்.

கேள்வி: மாத்திரையை நானே பாதியாக உடைத்து...

பதில்: டாக்டரிடம்! இரண்டாவது பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள், ஐயா.

கேள்வி: நாளை பரீட்சை, தூக்கம் வரவில்லை. எனக்கும் இந்த வியாதியா?

பதில்: வாரத்துக்கு 3 ராத்திரியாவது, 3 மாதம் நீடித்தால்தான் நாள்பட்டது என்போம். போனை வைத்துவிட்டுப் போய்ப் படு, தம்பி.