இரணைமடுவுக்குச் சைக்கிளில் போக ஆறாயிரம் ரூபாயா?

வவுனியாவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எனக்கு 54 வயது. மகளோடு கிளிநொச்சியிலிருந்து ஆறும் வாய்க்காலும் ஓரமாகச் சைக்கிளில் இரணைமடுக் குளம் பார்க்க ஆசை. சைக்கிளும் 'பாஸும்' எடுத்துத் தர ஒருவர் ஆறாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். வாய்க்கால் வேலையில் முப்பது வருடம் இருந்தவன் நான். அந்தக் கரையில் சைக்கிள் ஓட்ட ஒருவருக்கும் ஒரு சதம் கட்டியதில்லை. பூட்டிய கதவோ காவல் நிற்கும் இடமோ வந்தால் இறங்கிக் கேளுங்கள், மறித்தால் திரும்புங்கள். சந்தேகம் இருந்தால் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் நேரே விசாரியுங்கள். எந்தக் கரை திறந்திருக்கிறது என்று சந்தியில் ஒரு பலகை நட்டால் இந்தத் தரகர்களுக்கு வேலையே இல்லை. இத்தனை வருடமாகச் சொல்லியும் நடக்கவில்லை. இன்னொன்று, வாடகைச் சைக்கிளுக்கு அடையாள அட்டையைப் பிணை வைக்காதீர்கள். திரும்பி வரும்போது 'கம்பி வளைந்திருக்கிறது' என்பார்கள், அட்டை அவர்கள் கையில் இருக்கும். தெரிந்தவர் வீட்டுச் சாதாரண சைக்கிளே போதும்.

பாதை பெரிய சிக்கலில்லை. கனகராயன் ஆறு குளத்திலிருந்து வடக்கே ஓடுகிறது. நகரப் பக்கம் இருப்பது இடதுகரை, வட்டக்கச்சிப் பக்கம் வலதுகரை. நீங்கள் தண்ணீருக்கு எதிராகத் தெற்கே போகிறீர்கள். வைகாசிக்குப் பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும், அதனால் விடியவே புறப்படுங்கள். வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். சிறுபோக வயலுக்குத் தண்ணீர் விட்ட நாட்களில் வாய்க்கால் கரை முட்ட ஓடும், மருதமர நிழல் அதில் நெளியும். அந்த அழகுக்காகவே போகலாம்.

மாரியில் வேண்டாம். இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆட்கள் வானத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். கிளிநொச்சியில் வெயில் எறிக்கும், ஆனால் கனகராயன் ஆறு வருவது உங்கள் வவுனியாப் பக்கத்திலிருந்து. அங்கே இரவு கொட்டிய மழை பிறகுதான் குளத்துக்கு வந்து சேரும். குளம் நிரம்பி, மிகுந்த தண்ணீரை ஆற்றில் விடும் வான்கதவு திறந்தால் காய்ந்து கிடந்த ஆற்றுப் பாலத்தின் மேலாலும் தண்ணீர் பாயும். முழங்காலளவுதானே என்று சைக்கிளை உருட்டாதீர்கள், அது ஆளையே இழுக்கும். 2018 டிசம்பரில் வான்கதவுகள் திறந்தபோது கீழ்ப்பக்க ஊர்கள் மூழ்கியதை நேரில் பார்த்தேன். வெளிக்கிட முதல் கதவு திறந்திருக்கிறதா என்று கிளிநொச்சியில் யாரையாவது போனில் கேளுங்கள்.

கிறவல் பாதையை விட்டுப் பற்றைக்குள் ஒதுங்கவே வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை இல்லாத இடத்திலும் வேண்டாம். குளத்தில் கால் நனைக்கவும் வேண்டாம், முதலை உண்டு.

அப்புறம், நெருஞ்சி. கரையோரம் இரண்டு முள் ஒரே ரயரில் ஏறுவது சாதாரணம். முதல் முள்ளைக் கண்டதும் ஒட்டுப்போட்டுவிட்டு எழும்பாதீர்கள், ரயரின் உட்புறத்தை விரலால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். பம்மும் ஒட்டும் இரண்டு சைக்கிளுக்கும் சேர்த்து மகளின் பையில் இருக்கட்டும், தண்ணீர்ப் போத்தலை நீங்கள் கொண்டு போங்கள்.