காருக்குள் இரைச்சல்: கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பில் வாகனங்களின் உட்புற வேலையும் குஷன் வேலையும் செய்துவருகிறேன். சத்தம் குறைக்கும் ஷீட் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. விலை கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் இல்லை. அது கடைக்குக் கடை மாறும்.

கல்லடியிலிருந்து: அண்ணன், என்னுடையது மூன்று சிலிண்டர் சின்னக் கார். திருகோணமலை வீதியில் போனால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்பதில்லை. முழுக் காருக்கும் ஷீட் ஒட்டச் சொல்கிறார்கள். ஒட்டலாமா?

தம்பி, பணத்தை எடுக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். முன்னும் பின்னும் வாகனம் இல்லாத நேரான வீதியில் 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது கியரை நியூட்ரலுக்கு மாற்றிச் சில விநாடிகள் உருள விடுங்கள். எஞ்சினை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். சத்தம் அப்படியே இருந்தால் அது டயரும் வீதியும் எழுப்புவது. சட்டென்று அடங்கினால் எஞ்சின். வீதியில் புதிதாகத் தார்க் காபெட் போட்ட துண்டில் அமைதியாகவும் சல்லி எழும்பிய துண்டில் இரைச்சலாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், டயர்தான். காற்றின் சத்தத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். நகருக்கு வெளியே கார்களுக்கான வேக எல்லை 70 கிலோமீற்றர். அந்த வேகத்தில் காற்று பெரிதாகக் கத்தினால் கதவு இறப்பர் போய்விட்டது என்று பொருள்.

டயர் என்று தெரிந்தால் முதலில் அதன் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ, அதாவது வீதியில் படும் வரிக்கட்டைகள், எவ்வளவு மிச்சம் இருந்தாலும், நம் வெயிலில் வருடக்கணக்காக நின்ற டயரின் இறப்பர் கெட்டியாகிவிடும். கெட்டியான இறப்பர் அதிகம் சத்தம் போடும். அடுத்து உள்ளங்கையை டயரின் மேல் வைத்து முன்னோக்கித் தடவுங்கள், பிறகு பின்னோக்கி. ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் பூக்கட்டைகளின் விளிம்பு கையைக் கீறினால் டயர் அரம் போலத் தேய்ந்திருக்கிறது. அந்தத் தேய்மானம் எழுப்பும் ஊளையை எந்த ஷீட்டும் முழுதாக அடக்காது. அலைன்மென்ட் பார்த்து, டயரை மாற்றி, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி காற்றடியுங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் வாருங்கள், ஷீட் பற்றிப் பேசலாம்.

சம்மாந்துறையிலிருந்து: கறுப்பு ஷீட், ஃபோம், கனமான வினைல் என்று மூன்று வகை சொல்கிறார்கள். எது நல்லது?

மூன்றும் மூன்று வேலை செய்பவை. கடைக்காரர் ஒன்றையே காட்டி எல்லாவற்றையும் செய்யும் என்றால் நம்பாதீர்கள்.

கறுப்பு ஷீட் பியூட்டைல் இறப்பர். மேலே அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். அது சத்தத்தைத் தடுப்பதில்லை, தகரம் அதிர்வதை அடக்குகிறது. உங்கள் கார்க் கதவின் நடுவில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: 'டங்' என்று நீளும். ஒரு துண்டு ஒட்டியபின் தட்டினால் 'டொக்' என்று நின்றுவிடும். அதற்குத் தகரம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. பரப்பில் கால்வாசி, கூடினால் மூன்றிலொரு பங்கு, அதுவும் அதிகம் அதிரும் நடுப்பகுதியில் ஒட்டினால் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மிச்சம் முழுக்க ஒட்டுவது பெரும்பாலும் கடைக்காரருக்கு நல்லது. இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு ஷீட் சதுர மீற்றருக்கு மூன்றரைக் கிலோ அளவில் வரும். ஆறு சதுர மீற்றர் ஒட்டினால் இருபது கிலோ. சின்னக் காருக்கு அது சும்மா சுமக்கும் பாரம்.

கனமான வினைல்தான் காற்றுவழி வரும் சத்தத்துக்குச் சுவர். சதுர மீற்றருக்கு ஐந்து கிலோ அளவில் இருக்கும். அது உலோகத்தோடு நேரே ஒட்டாமல், இடையில் மெல்லிய ஃபோம் வைத்து, தரை முழுவதும் இடைவெளி இல்லாமல் விரிய வேண்டும். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், எவ்வளவு கனமாகப் போட்டாலும் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்க முடியாது. பெடலுக்குப் பின்னே வயர் போகும் துளையை விட்டுவிட்டுத் தரைக்கு மட்டும் செலவழிப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

மூடிய கண்ணறை ஃபோம் (உள்ளே உள்ள காற்றுக் குமிழ்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியிருப்பது) தண்ணீரை உறிஞ்சாது, பிளாஸ்டிக் பாகங்கள் உரசிக் கிறீச்சிடுவதை நிறுத்தும். சத்தத்தை உறிஞ்சும் வேலையில் சுமார்தான். உறிஞ்சுவதற்குத் தடித்த நாரிழைப் பஞ்சு வேண்டும். அதை நனையாத இடத்தில் மட்டும் வையுங்கள்.

காத்தான்குடியிலிருந்து: காக்கா, கூரைக்கு ஒட்டும் தார் ஷீட் ஹார்ட்வெயாரில் மலிவு. வெள்ளி நிறத் தாளும் இருக்கிறது, பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தான். அதைப் போட்டால் என்ன?

வேண்டாம், தம்பி. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் கூரைத் தகரம் கை வைக்க முடியாதபடி சுடும். அந்தச் சூட்டில் தார் இளகும், வழியும், கதவின் அடியில் சேரும், கார் முழுக்க மணக்கும். வாங்குமுன் ஒரு துண்டைப் பிய்த்து முகர்ந்து பாருங்கள். வீதி வேலை நடக்கும் இடத்து வாடை வந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அம்பாறையிலிருந்து: ரிஜிபோம், முட்டை அட்டை, தும்பு மெத்தை?

முதலாவது எரியும், சத்தத்தையும் தடுக்காது. இரண்டாவது முட்டைக்கு. தும்பு நல்ல பொருள்தான், ஆனால் நம் பக்கத்து ஈரத்தில் தரை விரிப்பின் கீழே போட்டால் அடுத்த மாரி முடியுமுன் பூஞ்சணம் பிடிக்கும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியை: மழை பெய்தால் கூரையில் பறை அடிப்பதுபோல இருக்கிறது. அதற்கு மட்டும் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், டீச்சர். செலவுக்குப் பலன் உடனே தெரியும் இடம் இதுதான். கூரை பரந்த மெல்லிய தகரம். துளி விழும்போது தகரமே ஒலிக்கிறது. உள்கூரைத் துணியை இறக்கி, குறுக்குச் சட்டங்களுக்கு இடையே பியூட்டைல் துண்டுகளை ஒட்டி, மேலே மெல்லிய ஃபோம் போட்டால் போதும். வெப்பமும் கொஞ்சம் குறையும். உச்சியில் பாரம் ஏறினால் வளைவில் கார் அதிகம் சாயும் என்பதால் கனமான வினைல் அங்கே வேண்டாம். கூரை ஓரங்களில், மோதும்போது திரைபோல விரியும் ஏர்பேக் இருக்கும் கார் என்றால், அதன் பாதையில் எதுவும் ஒட்டக் கூடாது என்று வேலை செய்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மார்கழி வரை காத்திராமல் இப்போதே செய்யுங்கள். ஈரமான தகரத்தில் பசை பிடிக்காது.

ஏறாவூரிலிருந்து: கதவுகளுக்கு ஷீட் ஒட்டி ஆறு மாதம் ஆகிறது. பிரேக் பிடித்தால் கதவுக்குள் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்கிறது.

ஒட்டியவர் வடிதுளையை அடைத்துவிட்டார். கண்ணாடி ஓரமாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. கதவு அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இறங்கிய நீர் அடி மடிப்பில் உள்ள சிறு நீள்துளைகள் வழியே வெளியேற வேண்டும். கதவைத் திறந்து, குனிந்து, அடி விளிம்பைப் பாருங்கள். துளையில் ஷீட்டின் நுனியோ மணலும் கிரீசும் சேர்ந்த கறுப்புக் கட்டியோ இருக்கும். பிளாஸ்டிக் குச்சியால் மெதுவாகக் குத்துங்கள். கம்பி போட்டால் பெயின்ட் உரிந்து அங்கிருந்தே துரு தொடங்கும். வரும் நீர் செம்பழுப்பாக இருந்தால் உள்ளே ஏற்கனவே துருப்பிடித்துவிட்டது. ஷீட்டின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்தே ஆக வேண்டும். கடலும் வாவியும் சூழ்ந்த ஊரில் உப்புக் காற்று நமக்குத் தவணை தராது. வெள்ளத்தில் நின்ற காருக்கும் இதையே சொல்கிறேன்: தரையை முழுவதும் காய வைத்து, துருவைச் சுரண்டிப் பூச்சு அடித்த பிறகுதான் ஷீட்.

அக்கரைப்பற்றிலிருந்து: டொல்பின் வேன், டீசல். எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழே. நீண்ட ஓட்டம் போனால் தலைவலி.

முதலில் எஞ்சின் மூடியைச் சுற்றியுள்ள இறப்பரைப் பாருங்கள். அது தட்டையாகிவிட்டால் சத்தத்தோடு புகையும் ஏறும். சைலன்சர் குழாய் எங்காவது கசிகிறதா என்பதையும் கராஜில் காட்டுங்கள். வேனுக்குள் புகை மணந்து தலையும் வலித்தால் அது சத்தப் பிரச்சினை மட்டுமல்ல. காபன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும். இது சரியான பிறகு மூடியின் உட்பக்கத்துக்கு வெப்பம் தாங்கும் பொருளை மட்டும் போடலாம். சாதாரண ஸ்பொஞ்ச் எண்ணெயைக் குடித்து, சூடான குழாயில் பட்டால் தீப்பிடிக்கும்.

வாழைச்சேனையிலிருந்து: வேகத்தோடு ஊளை கூடுகிறது. வளைவில் ஒரு பக்கம் திரும்பினால் குறைகிறது.

சில்லு பேரிங். ஷீட் வாங்க வேண்டாம், இந்த வாரமே கராஜுக்குப் போங்கள்.

திருக்கோவிலிலிருந்து: மூன்று சிலிண்டர் கார், சிக்னலில் நிற்கும்போது இருக்கை அதிர்கிறது. தரைக்கு இரண்டு அடுக்கு ஒட்டியும் குறையவில்லை, ஐயா.

குறையாது. நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும் மூன்று சிலிண்டர் எஞ்சின் விநாடிக்கு 20 முறை எரிகிறது. 20 ஹேர்ட்ஸ் அதிர்வு காதுக்கு வருவதைவிட உடம்புக்கே அதிகம் வரும். அதை மில்லிமீற்றர் கணக்கு ஷீட்டால் பிடிக்க முடியாது. அது எஞ்சினைத் தாங்கும் இறப்பர் மவுண்ட் வழியாக உடல் தகரத்துக்குள் இறங்குகிறது. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதாகச் சொல்லும் ஒலியைக் கேட்க நினைப்பவர்கள் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைப்பார்கள். இங்கே துடுப்பு உங்கள் மவுண்ட். அதன் இறப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். ஐட்லிங் வேகமும் சரிதானா என்று பாருங்கள்.

கல்முனையிலிருந்து: வேலை முடிந்தபின் உண்மையில் குறைந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கைப்பேசிச் செயலி போதுமா?

ஒப்பிடுவதற்குப் போதும். அதே வீதி, அதே வேகம், ஏசி நிறுத்தி, கைப்பேசியை அதே இடத்தில் வையுங்கள். 3 டெசிபெல் குறைந்தால் கவனித்தால்தான் தெரியும். 10 குறைந்தால் காதுக்குப் பாதியாகத் தோன்றும். ஷீட்டை மட்டும் ஒட்டி அவ்வளவு வரும் என்று யாரும் வாக்குத் தந்தால் எழுதிக் கேளுங்கள்.

பொத்துவிலிலிருந்து: டொயோட்டா அக்வா ஹைப்ரிட் கார் வைத்திருக்கிறேன். நானே வீட்டில் செய்யலாமா?

கதவுகளைச் செய்யலாம். பின் இருக்கைப் பக்கம் கவனம்: ஹைப்ரிட் பற்றரி இருக்கைக்குக் கீழே இருக்கிறது, அதற்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கையின் பக்கத்தில். அதை ஃபோமோ பையோ மூடினால் பற்றரி சூடாகும். செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடாதீர்கள். முன் இருக்கையைக் கழற்றுவதாக இருந்தால் 12 வோல்ட் பற்றரியின் இணைப்பை எடுத்துவிட்டுச் சற்று நேரம் பொறுத்திருங்கள். இருக்கைக்கு அடியில் உள்ள மஞ்சள் பிளக் ஏர்பேக்குக்கு உரியது.