நாக்கை அரிக்கும் பழம்

அன்புள்ள ஐயா,

மத்திய அமெரிக்கக் காடுகள் பற்றிய உங்கள் கட்டுரையில், அன்னாசிக்கு உறவான ஒரு காட்டுச்செடியை வேலிக்கு வைத்து அதன் பழத்தையும் தின்கிறார்கள் என்று ஒரு வரி வருகிறது. பச்சையாகத் தின்றால் வாய் புண்ணாகும் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட பழத்தை ஏன் தின்ன வேண்டும்? எங்கள் தோட்டத்தில் ஆனைக்கற்றாழை வேலி பூத்துப் பட்டுப்போய்விட்டது. அந்த இடத்தில் இதை வைக்கலாமா?

ம.,
திண்டுக்கல்

அன்புள்ள ம.,

அந்தச் செடிக்கு அங்கே பின்யுவேலா என்று பெயர். தாவரவியலில் புரோமெலியா பிங்குவின். மெக்சிகோ முதல் தென் அமெரிக்காவின் வடபகுதி வரையிலும், கரீபியத் தீவுகளிலும் புதராக மண்டிக் கிடக்கும். ஆளுயர மடல்கள், ஓரமெல்லாம் கொக்கி முள். மாடு கிட்டே வராது. பூக்கும்போது நடுமடல்கள் மட்டும் ரத்தச் சிவப்பாகிவிடும்.

பழம் சிறியது, மஞ்சள் நிறம், நல்ல புளிப்பு. ஆனால் வாய் புண்ணாவது புளிப்பால் மட்டுமல்ல. புரதத்தைச் சிதைக்கும் பிங்குவினைன் என்ற நொதி அதில் இருக்கிறது. அன்னாசியில் இருக்கும் புரோமெலைனும் இந்த வகைதான். நாக்கின் மேல்தோலும் புரதம்தானே, அதையும் விடாது. சூடு பட்டால் இந்த நொதி செயலிழந்துவிடும். அன்னாசித் துண்டு நாக்கை அரிக்கிறது என்பவர்கள்கூட அன்னாசி ரசத்தை இரண்டு டம்ளர் குடிப்பது இதனால்தான்.

அங்குள்ளவர்களின் வழியும் அடுப்புதான். மெக்சிகோவின் மேற்குக் கரையில், சினலோவா, நயரித் பக்கம், இதே பழத்தை அகுவாமா என்கிறார்கள். சுட்டோ வேகவைத்தோ தின்கிறார்கள். எல் சால்வடோரில் இதைப் போட்டு அதோல் என்ற இனிப்புக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். எனக்கு ஆர்வமூட்டுவது அவர்களுடைய மொத்தாத்தே. பழமாகும்வரை காத்திருக்காமல் இளம் பூங்குருத்தையே வெட்டி, நறுக்கி வேகவைத்து, முட்டையோடு சேர்த்துச் சமைப்பது. வாழைப்பூவை விடாத நமக்கு இது புரியும்.

பழச்சாற்றைக் குடற்புழுவுக்குக் கொடுக்கும் நாட்டு வைத்தியமும் உண்டு. வாயைப் புண்ணாக்குவது புழுவையும் சும்மா விடாது என்ற கணக்காக இருக்கலாம். (தயவுசெய்து யாரும் வீட்டில் முயல வேண்டாம்.) மடலிலிருந்து நாரும் எடுப்பார்கள். நாரில் பெரிய கை என்றால் இன்னும் தெற்கே, கிரான் சாகோ காட்டில் வாழும் விச்சி இனப் பெண்கள். இதே பேரினத்தைச் சேர்ந்த சாகுவார் செடியின் நாரைத் தொடையில் வைத்துத் திரித்து, சாயமேற்றி, பை பின்னுகிறார்கள்.

வேலிக்கு வேண்டாம் என்பேன். காய்த்த செடி பட்டாலும் சுற்றிலும் பக்கக்கன்றுகள் விட்டுப் பரவும். அந்த முள்ளுக்குள் கைவிட்டுப் பிடுங்க யார் வருவார்கள்? சீமைக்கருவேலத்தைக் கொண்டுவந்து நாம் பட்டது போதும். உங்கள் ஆனைக்கற்றாழையும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான், பூத்தால் பட்டுப்போவதும் அதன் இயல்பு. தூரில் கன்றுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பிரித்து அங்கேயே நட்டுவிடுங்கள்.